வன்னீர், உழைப்பு, உடைமை: படுவான்கரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக அமைந்த நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமுமாக விரியும் நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவது அப்பிரதேச மக்களின் மரபு. தான்தோன்றீச்சரத்தாற் புகழ்பெற்ற கொக்கட்டிச்சோலை படுவான்கரையின் முக்கியமான ஊர்களுள் ஒன்று. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை இவ்வூர் மக்கள் எழுவான்கரைக்குச் செல்ல மண்முனைத்துறையில் வாவியைக் கடக்கவேண்டியிருந்தது. சுற்றிலும் நீர் சூழ்ந்த இப்பிரதேசத்தில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் துவைப்பதற்கும் உகந்த நீர் எது என்பது இன்றும் எளிதில் விடைகூற முடியாத வினாவாகவே உள்ளது.

நீரின் வன்மை, அதனைப் போக்கும் முறை என்பன இரசாயனவியலாளரும் பொறியியலாளரும் மட்டுமே பேசுதற்குரியன எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழியல் ஆய்வுகளை வெளியிடும் ஏடொன்றில் இப்பொருள் இடம்பெறுதல் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் ஒரு சமூகம் தன் நீரை எவ்வாறு பகுத்தறிந்தது, அதனைப் பண்படுத்தும் அறிவு யாரிடம் தோன்றிற்று, அவ்வறிவின் பயன் யாரைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் பண்பாட்டு வரலாற்றின்பாற்பட்டன. இக்கட்டுரையில் நாம் இரு பணிகளை மேற்கொள்கிறோம். வன்னீர் என்றால் யாது, வீட்டிலும் கடையிலும் ஆலையிலும் அதனை எவ்வாறு மென்னீராக்கலாம் என்பதை விளக்குதல் ஒன்று. அவ்விளக்கத்தினூடாகப் புலப்படும் சமூக உறவை இனங்காணுதல் மற்றொன்று.

2

மழைநீர் ஏறத்தாழத் தூயது. அது மண்ணினூடு இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலத்தன்மை பெறுகிறது. இந்நீர் சுண்ணாம்புக்கல்லையும் பாறைகளிலுள்ள கனியங்களையும் அரித்து, கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் அயன்களைத் தன்னுட் கொள்கிறது. இவ்விரு அயன்களின் மிகுதியே வன்மை எனப்படுவது. அதனை அளவிடும்போது அனைத்தையும் கல்சியங் காபனேற்றாகக் கணித்து, லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் எனக் கூறுவர். 60 மில்லிகிராமுக்குட்பட்டது மென்னீர் எனவும், 120 வரையிலானது நடுத்தர வன்மையுடையது எனவும், 180 வரையிலானது வன்னீர் எனவும், அதற்கு மேற்பட்டது மிகு வன்னீர் எனவும் வகுப்பதுண்டு. இலங்கையின் குடிநீர்த் தரநிருணயமான எஸ்.எல்.எஸ். 614 (2013) இதன் உச்ச எல்லையை 250 மில்லிகிராம் என வரையறுத்துள்ளது.

வன்மை இருவகைப்படும். கல்சியமும் மகனீசியமும் இருகாபனேற்றுகளாக இருப்பின் நீரைக் கொதிக்கவைக்கும்போது அவை காபனேற்றாகப் படிந்து வெளியேறும். கேத்திலின் அடியிற் காணும் வெண்ணிறப் படிவு இதுவே. இது தற்காலிக வன்மை. அவை சல்பேற்றுகளாகவோ குளோரைட்டுகளாகவோ இருப்பின் கொதிக்கவைப்பதால் நீங்கா. இது நிலையான வன்மை. வன்னீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத கசண்டாகிவிடும். அந்நீரிற் பருப்பு அவியப் பிந்தும். தேநீரின் மேல் மெல்லிய ஆடை படரும்.

இங்கு ஒரு மயக்கத்தை விலக்குதல் அவசியம். கிணற்று நீர் கரிக்கிறது, சவர்த்தண்ணீர், கல்லுப் பிடிக்கிறது, காவி படிகிறது என மக்கள் கூறுவன யாவும் 'உப்புத் தண்ணீர்' என்ற ஒரே சொல்லுள் அடங்கிவிடுவதுண்டு. உண்மையில் இவை வெவ்வேறு குறைகள். கரிப்புக்குக் காரணம் சோடியங் குளோரைட்டு. வெண்படிவுக்குக் காரணம் கல்சியம், மகனீசியம். செங்காவிக்குக் காரணம் இரும்பு. பல்லிற் கறையேற்படுத்தும் புளோரைட்டு கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாதது. ஒன்றைப் போக்கும் முறை மற்றொன்றைப் போக்காது. நோய் எதுவென அறியாது மருந்து வாங்குதல் போன்றதே, குறை எதுவென அறியாது நீர்ச்சுத்திகரிப்புக் கருவி வாங்குதலும்.

இலங்கையின் நிலவியல் இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டுகிறது. யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின்மீது அமைந்தது. ஆதலால் அதன் நிலத்தடி நீர் இயல்பாகவே கல்சியம் மிக்க வன்னீர். உலர்வலயத்தின் பெரும்பகுதி பழைமையான பளிங்குருப் பாறைகளின் மீதுள்ளது. அங்குள்ள கிணறுகளில் வன்மையோடு மகனீசியமும் புளோரைட்டும் கூடிக் காணப்படுதல் உண்டு. சிங்கள மக்கள் அத்தகைய நீரைக் 'கிவுல்' என்பர். எழுவான்கரையிலோ கடல்மணலுள் மழைநீர் ஒரு வில்லைபோல உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மிகையாக இறைப்பின் கீழுள்ள உவர்நீர் மேலெழும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளை உவராக்கியபோது இவ்வுண்மை அனுபவமாயிற்று. மழையே அவற்றை மீளக் கழுவிற்று. அவசரமாகத் திரும்பத்திரும்ப இறைத்தல் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. படுவான்கரை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வாவியோரத்தில் உவரின் செல்வாக்கும், மேற்கே செல்லச்செல்லப் பாறையின் செல்வாக்கும் மிகுகின்றன. எனவே கொக்கட்டிச்சோலையின் நீர் இத்தகையது எனப் பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. கிணற்றுக்குக் கிணறு, மாரிக்கும் கோடைக்கும் அது வேறுபடும்.

3

நீரை மென்மையாக்கும் அறிவு ஆய்வுகூடத்திற் பிறந்ததன்று. புறநானூற்றின் 311ஆம் பாடல் களர்நிலத்திற் கிணறு தோண்டி ஆடை வெளுக்கும் பெண்ணொருத்தியைக் காட்டுகிறது. ஔவையார் பாடிய அப்பாடலின் நோக்கம் வீரனின் சிறப்பைக் கூறுவது. ஆடை வெளுப்பவள் அங்கு ஓர் அடைமொழியின் அளவிலேயே வந்துபோகிறாள். எனினும் அச்சிறு குறிப்பு எமக்கு முக்கியமானது. களர்மண் பெரும்பாலும் சோடியங் காபனேற்றுச் செறிந்தது. அது கரைந்த நீரிற் கல்சியமும் மகனீசியமும் காபனேற்றுகளாகப் படிந்துவிடுமாதலின் அந்நீர் மென்மையுறும். அதன் காரத்தன்மை அழுக்கையும் நெகிழ்விக்கும். பயிர்செய்வோன் பாழ்நிலமென ஒதுக்கிய களரே வெளுப்பவளுக்குத் தொழிற்கருவியாயிற்று. களர்நிலத்திற் கிணறு தோண்டியமை தற்செயலன்று, தொழிலனுபவத்தின்பாற்பட்ட தெரிவே எனக் கருத இடமுண்டு.

பிற்காலத்தில் உவர்மண்ணையும் சாம்பலையும் கொண்டு துணி வெளுத்த முறையும் இத்தகையதே. மரச்சாம்பலிலுள்ள பொற்றாசியங் காபனேற்று வன்மையை வீழ்படிவாக்குகிறது. இன்று சலவைத்தூளிற் சேர்க்கப்படும் சலவைச் சோடாவும் அதே வினையையே புரிகிறது. ஆயிரமாண்டுகளாக இவ்வறிவைப் பேணியோர் சாதியமைப்பின் அடித்தட்டிலே வைக்கப்பட்டோர். அவர் கைப்பட்ட ஆடை தூயதெனக் கொள்ளப்பட்டது. ஆடையைத் தூய்மைசெய்த கையோ தீட்டுடையதெனத் தள்ளப்பட்டது. பொருளின் பயனை ஏற்று அதனை ஆக்கிய உழைப்பை மறைக்கும் இப்பண்பு, பிற்காலச் சந்தைப் பொருளாதாரத்தில் வேறொரு வடிவிற் தோன்றுவதை நாம் பின்னர் காண்போம்.

மரபறிவைப் போற்றும்போது அதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைக்கும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு. அதிலுள்ள பொருள்கள் நுண்ணிய மண்துகள்களைத் திரளச்செய்து அடியிற் படியவைக்கின்றன. கலங்கல் நீங்கும், கரைந்திருக்கும் கல்சியம் நீங்காது. தெளிந்த நீரெல்லாம் மென்னீரன்று. மென்னீரெல்லாம் நோயற்ற நீருமன்று.

4

வன்மை ஒரு பொருளாதாரப் பிரச்சினையாக மேற்கில் முதன்மை பெற்றது கைத்தொழிற் புரட்சியை ஒட்டியே. நீராவியந்திரத்தின் கொதிகலத்தில் வன்னீர் கொதிக்கும்போது உட்சுவரிற் கல்போன்ற படிவு உண்டாகிறது. அது வெப்பத்தை எளிதிற் கடத்தாது. அதனால் எரிபொருள் வீணாகும்; உலோகம் அளவுமீறிச் சூடேறும்; ஈற்றிற் குழாய் வெடித்து அருகில் நிற்கும் தொழிலாளியின் உயிரையும் கொள்ளும். தொடக்ககாலத்தில் உருளைக்கிழங்கையும் மரப்பட்டைச் சாற்றையும் கொதிகலத்துள் இட்டுப் படிவைத் தளர்த்த முயன்றனர். இயந்திரத்தின் நலம் இலாபத்தோடு நேரடியாகப் பிணைந்திருந்தமையால் இவ்வாய்வுக்கு ஊக்கம் குன்றவில்லை.

1841ஆம் ஆண்டில் அபடீன் பேராசிரியரான தோமஸ் கிளார்க் சுண்ணாம்பைக் கொண்டே நீரிலுள்ள சுண்ணாம்பை அகற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அளவறிந்து நீற்றுச்சுண்ணாம்பு சேர்க்கும்போது இருகாபனேற்று முழுவதும் காபனேற்றாகப் படிந்துவிடுகிறது. சவர்க்காரக் கரைசல் எவ்வளவு சேர்த்தால் நுரை நிலைக்கும் என்பதைக் கொண்டு வன்மையை அளக்கும் முறையும் அவருடையதே. இவ்வளவையினால், வன்னீர் காரணமாக ஒரு நகரத்துக் குடும்பங்கள் வீணாக்கும் சவர்க்காரத்தைக் கணக்கிட முடிந்தது. 1850இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சபை இலண்டன் நகருக்குத் தேம்ஸ் நதியின் வன்னீருக்குப் பதிலாக மென்னீர் கொண்டுவருமாறும், நீர் வழங்கலைப் பொது நிருவாகத்தின்கீழ் ஒன்றிணைக்குமாறும் பரிந்துரைத்தது. தனியார் நீர்க்கம்பனிகள் நிலைபெற்றிருந்த அந்நகரில் அது நிறைவேறவில்லை. அக்கம்பனிகள் பொதுச்சபையின் உடைமையானது 1904இலேயே. இலண்டன் நீர் இன்றும் வன்னீரே. அறிவு இருந்தும் அது நடைமுறைக்கு வராமைக்கு உடைமையே தடையாயிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று பெருவழக்கிலுள்ள அயன் பரிமாற்ற முறையின் தோற்றமோ வயலோடு தொடர்புடையது. உரத்திலுள்ள அமோனியா மழைநீரோடு கழிந்துவிடாது மண்ணில் எவ்வாறு தங்குகிறது என்னும் வினாவுக்கு விடை தேடிய தொம்சன், வே என்னும் ஆங்கிலேயர் இருவர், 1850ஆம் ஆண்டளவில் ஓர் உண்மையைக் கண்டனர். அமோனியாக் கரைசலை மண்ணினூடு செலுத்தியபோது மண் அமோனியாவைத் தன்னகத்தே கொண்டு, அதற்கு ஈடாகக் கல்சியத்தை வெளிவிட்டது. கொடுத்து வாங்கும் இவ்வியல்பே பின்னர் நீர்மென்மையாக்கத்துக்கு அடிப்படையாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் செயோலைற்றுகளும், 1935இல் இங்கிலாந்தில் அடம்ஸ், ஹோம்ஸ் ஆகியோர் ஆக்கிய செயற்கைப் பிசின்களும் இம்முறையை வளர்த்தன. பிசின்மணிகள் நீரிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. பிசின் நிறைவுற்றதும் செறிந்த உப்புக்கரைசலைச் செலுத்த, அது மீண்டும் சோடியத்தைப் பெற்றுப் புத்துயிர் பெறும்.

எமது பிரதேசத்தில் இவ்வறிவு வேண்டப்பட்டதும் முதலில் ஆலைக்கே. 1956ஆம் ஆண்டில் இயங்கத்தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலைக் கூழாக்கி, நீராவியினாற் காகிதத்தை உலர்த்தியது. அத்தகைய ஆலைக்கு நீர் ஒரு மூலப்பொருள் போன்றது. சிறிய அளவில் இதே தேவை புழுங்கலரிசி ஆலைகளுக்கும் உண்டு. உமியை எரித்து நீராவியாக்கி நெல்லை அவிக்கும் ஆலையிற் கொதிகலப் படிவு மிகுமாயின் உமிச் செலவும் மிகும், ஆபத்தும் மிகும். இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நீராவிக் கொதிகலங்களைத் தகுதியுடையோர் காலந்தோறும் பரிசோதிக்க வேண்டுமென விதித்துள்ளது. தொழிலாளியின் பாதுகாப்புக்கு இஃது இன்றியமையாதது, வரவேற்கத்தக்கது. ஆயின் அதே தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பிக் குடிக்கும் கிணற்று நீருக்கு அத்தகைய காலமுறைப் பரிசோதனை வழக்கிலில்லை. கொதிகலத்துள் புகும் நீர் அறியப்பட்ட நீர். மனிதனுள் புகும் நீர் அறியப்படாத நீர். இம்முரண்பாடே இக்கட்டுரையின் மையப்பொருள்.

5

இனி, நடைமுறையிற் பயன்படும் முறைகளைத் தொகுத்து நோக்குவோம்.

முதலாவதாக வேண்டுவது பரிசோதனை. ஆய்வுகூடத்தில் நீரின் மாதிரியில் ஒரு சாயத்தைச் சேர்க்க அது திராட்சைச் செந்நிறங் கொள்ளும். ஈ.டி.ரி.ஏ. என்னும் கரைசலைத் துளித்துளியாக விட, கல்சியமும் மகனீசியமும் முற்றாகப் பிணைக்கப்பட்டவுடன் நிறம் நீலமாக மாறும். செலவான கரைசலின் அளவே வன்மையைத் தரும். உயர்தர வகுப்பு மாணவரும் செய்யத்தக்க எளிய பரிசோதனை இது. வன்மையோடு குளோரைட்டு, புளோரைட்டு, இரும்பு, நைத்திரேற்று, மலக்கிருமி ஆகியவற்றையும் அறிந்த பின்னரே எம்முறை வேண்டும் எனத் தீர்மானித்தல் தகும்.

வீடுகளைப் பொறுத்தவரை, தற்காலிக வன்மையுடைய குடிநீரைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டு வடித்தாலே போதுமானது. கேத்திற் படிவைத் தேசிக்காய்ச் சாறு, புளி, வினாகிரி ஆகியவற்றால் அகற்றலாம். துவைப்பதற்குச் சலவைச் சோடாவை முன்கூட்டி நீரிற் கரைத்தல் செலவு குறைந்த வழி. அயன் பரிமாற்றக் கருவியை வீட்டுக்கு வாங்குவோர் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். 100 மில்லிகிராம் வன்மையை அகற்றும்போது நீரில் 46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. ஆதலின் கரிப்புள்ள நீரை அது நன்னீராக்காது. கரைந்த உப்பின் மொத்த அளவையும் குறைக்காது. குருதியமுக்கம் காரணமாக உப்பைக் குறைக்கவேண்டியவர்கள் குடிக்கும் நீரை அக்கருவியினூடு பெறாதிருத்தல் நலம். வாவியோரத்துச் சவர்க்கிணற்றுக்கு இக்கருவியை விற்பவர் அறியாமையாலோ அறிந்தோ வாங்குபவரை ஏமாற்றுபவரேயாவர்.

தேநீர்க்கடை, சலவைக்கடை, விடுதி முதலியவற்றில் வெந்நீர்ப் பாத்திரங்களும் குழாய்களும் அடைபடுதலே முதன்மையான பிரச்சினை. அங்கு சூடாக்கும் நீருக்கு மட்டும் அயன் பரிமாற்றக் கருவியைப் பொருத்துதல் போதும். தோட்டத்துக்கும் தரை கழுவுதற்கும் மென்னீர் வேண்டியதில்லை. காந்தத்தைக் குழாயிற் கட்டினால் வன்மை நீங்கிவிடும் என்னும் விளம்பரங்களை நம்புதற்கில்லை. காந்தம் நீரிலுள்ள கல்சியத்தை அகற்றுவதில்லை.

ஆலைகளில் நீரின் அளவைப் பொறுத்து முறைகள் இணைக்கப்படும். பேரளவு நீருக்குச் சுண்ணாம்பும் சோடாவும் சேர்த்து வீழ்படிவாக்குதல். கொதிகலத்துக்குப் பிசின் முறை. எஞ்சிய சிறிதளவு வன்மைக்குப் பொசுபேற்றுச் சேர்த்து, அடியிற் சேரும் சேற்றைக் காலத்துக்குக் காலம் வெளியேற்றுதல் என்பன அவை. கழிவுக்கும் கணக்கு வேண்டும். பிசினைப் புதுப்பித்த உப்புக்கரைசலை வாய்க்காலில் விட்டால் அதன் சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து வயலைக் களராக்கும். ஆலையின் நீர் மென்மையாவதற்கு உழவனின் நிலம் வன்மையாதல் நீதியன்று.

இறுதியாகக் குறிப்பிட வேண்டியது எதிர்ப்பிரசாரணம். மக்கள் வழக்கில் இதுவே 'ஆர்.ஓ.'. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் சிட்னி லோப் என்பவரும் இந்தியரான ஸ்ரீனிவாச சௌரிராஜனும் 1960ஆம் ஆண்டளவில் ஆக்கிய மென்சவ்வே இதனை நடைமுறைக்குகந்ததாக்கியது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் ஊருக்கு இம்முறையாற் குடிநீர் வழங்கப்பட்டது. வன்மை, கரிப்பு, புளோரைட்டு மூன்றையும் ஒருங்கே குறைப்பது இதன் சிறப்பு. மின்சாரம் வேண்டுதல், சவ்வு அடைபடுதல், நீரில் ஒரு பகுதி செறிந்த கழிவாக வெளியேறுதல் என்பன இதன் குறைகள். சிறிய வீட்டுக் கருவிகளில் ஒரு லீற்றர் குடிநீருக்கு இரண்டு மூன்று லீற்றர் கழிவாதல் உண்டு. நீரரிதான கோடையில் இது சிறிய இழப்பன்று.

6

இலங்கையில் ஆர்.ஓ. நீர் பரவியமைக்கு ஒரு துயரப் பின்னணி உண்டு. 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில், நீரிழிவோ குருதியமுக்கமோ காரணமாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இனங்காணப்பட்டது. நோயுற்றோரிற் பெரும்பாலார் ஏழை விவசாயிகள். நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய நஞ்சுகள், வெப்பமும் நீரிழப்பும் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டன. வன்மையும் கிளைபொசேற்றும் கூடிச் செயற்படுகின்றன என்னும் கருதுகோள் 2014இல் வெளியாயிற்று. 2015இல் கிளைபொசேற்று தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்காகத் தளர்த்தப்பட்டது. வன்மை மாத்திரமே காரணம் எனின், வன்னீரையே தலைமுறை தலைமுறையாகக் குடித்துவரும் யாழ்ப்பாணத்தில் இந்நோய் அவ்வாறு பரவாமை ஏன் என்ற வினா எழுகிறது. காரணம் இன்னும் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் வன்மைக்கென உடல்நல அடிப்படையிலான எல்லை எதனையும் விதிக்கவில்லை. ஆயின் விஞ்ஞானம் தயங்கிய இடத்திற் சந்தை தயங்கவில்லை. அச்சமே விளம்பரமாயிற்று. நோயற்ற பிரதேசங்களிலும் பரிசோதிக்கப்படாத கிணற்றின் அருகே ஆர்.ஓ. நீர் போத்தலில் விற்பனையாகிறது.

நீரின் பயன்பெறுமதி மிகப் பெரிது, பரிமாற்றப்பெறுமதியோ இல்லையென்றே கூறலாம் என்று அடம் சிமித் 1776இல் எழுதினார். அவர் காட்டிய அந்நிலை இன்று மாறிவிட்டது. கிணறு பயனற்றதென நம்பவைக்கப்படும்போதே போத்தல் நீர் பெறுமதி பெறுகிறது. கூலிக்கு வயலறுப்பவரும் ஆலை முதலாளியும் ஒரு லீற்றருக்கு ஒரே விலையைக் கொடுக்கின்றனர். ஆயின் அவ்விலை முன்னவரின் நாட்கூலியில் எடுத்துக்கொள்ளும் பங்கு பன்மடங்கு பெரிது. தலையிற் குடம் சுமந்து இந்நீரைக் கொண்டுவரும் பெண்களின் உழைப்போ எக்கணக்கிலும் சேர்வதில்லை. ஆடையின் தூய்மையை ஏற்று அதனை வெளுத்தவளை மறைத்த பழைய சமூகத்தின் இயல்பு இங்கு புதிய வடிவிற் தொடர்வதைக் காண்கிறோம்.

படுவான்கரை இவ்வகையில் இரு பாடங்களைத் தருகிறது. 1980களில் கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் ஓர் இறால் பண்ணை இயங்கியது. இறாலுக்கு வன்னீரே வேண்டும். பழைய ஓட்டைக் கழற்றியபின் புதிய ஓட்டை இறுக்க அது நீரிலிருந்து கல்சியத்தைப் பெறுகிறது. அதனாலேயே குளங்களுக்குச் சுண்ணாம்பிடுவர். மனிதருக்குக் குறையாகத் தோன்றும் வன்மை இறாலுக்கு உயிர்ப்பொருள். நீரில் நல்லது, தீயது என்பது அதன் பயன்பாட்டைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது என்பதற்கு இது சான்று. ஆனால் அப்பண்ணையின் பெயர் இன்று நினைவுகூரப்படுவது அதன் விளைச்சலுக்காக அன்று. 1987ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி விசேட அதிரடிப்படையினரின் நடவடிக்கையில் அங்கு வேலைசெய்தோரும் அயற்கிராமத்தவரும் கொல்லப்பட்டனர். உள்ளூர் இளைஞருக்கு வேலை தந்த நவீன கைத்தொழில் ஒன்று குருதியில் முடிந்தது. படுவான்கரையின் நீர்ப்பிரச்சினையைப் பேசும் எவரும் போர் அழித்த கைத்தொழிலையும், போர்க்காலத்திற் தடைப்பட்ட பொதுப்பணிகளையும் புறக்கணித்துப் பேசுதல் இயலாது.

இரண்டாவது பாடம் உன்னிச்சைக் குளம். படுவான்கரையின் வயல்களுக்கு நீர்பாய்ச்சும் இக்குளத்து நீரே வவுணதீவிலுள்ள நிலையத்திற் சுத்திகரிக்கப்பட்டு, வாவிக்கு அப்பாலுள்ள மட்டக்களப்பு நகருக்கும் செல்கிறது. குளத்து நீர் பெரும்பாலும் மழைநீராதலாற் கிணற்று நீரினும் பொதுவாக மென்மையானது. அதற்கு வேண்டுவன படிகாரம் சேர்த்துத் தெளிவித்தல், வடித்தல், குளோரீன் சேர்த்தல் என்பனவே. எனவே குழாய்நீர் சேருமிடத்தில் வன்மை என்னும் பிரச்சினை பெரும்பாலும் தானே தீர்ந்துவிடும். எனினும் குளத்தை அண்டிய கிராமங்களுக்குக் குழாய்நீர் எட்டவில்லை என்னும் முறைப்பாடு நீண்டகாலம் எழுந்துவந்தது. நகரத்துக்கு நீர் தேவையென்பதில் ஐயமில்லை. சனநெருக்கமும் உவரும் மிக்க எழுவான்கரைக்கு அது உயிர்நாடி. எமது வினா வேறு. நீரைத் தாங்கி நிற்கும் நிலமும் அதனைப் பேணும் உழைப்பும் ஒரு கரையிலிருக்க, குழாய் முதலில் மறுகரையைச் சேர்வதேன்? இதற்கு இரசாயனவியல் விடை கூறாது.

7

தீர்வு குறித்து நாம் கூறக்கூடியன சில. ஒவ்வொரு கிராமத்துப் பொதுக்கிணறும் ஆண்டுக்கு இருமுறை, மாரிக்குப் பின்னரும் கோடையின் இறுதியிலும், பரிசோதிக்கப்பட்டு அதன் பெறுபேறு கிணற்றடியிலேயே தமிழில் எழுதிவைக்கப்படல் வேண்டும். வன்மையளவைச் செய்யப் பாடசாலை ஆய்வுகூடங்களே போதும். ஏனையவற்றுக்குப் பல்கலைக்கழகமும் நீர்வழங்கல் சபையும் பொறுப்பேற்கலாம். புளோரைட்டோ உவரோ மிகுந்த இடங்களில் மட்டும் ஆர்.ஓ. நிலையங்கள் கிராமத்தின் பொதுவுடைமையாக இயங்குதல் வேண்டும்.

அடுத்தது மழைநீர். மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. 50 சதுரமீற்றர் கூரையொன்றில் அது 80,000 லீற்றர் ஆகும். ஐவர் கொண்ட குடும்பம் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் வீதம் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தால், 5,000 லீற்றர்த் தொட்டி 200 நாள்களுக்குப் போதும். முதல் மழையை ஒதுக்கி, தொட்டியை மூடி, வடித்துக் காய்ச்சிக் குடிப்பின் அதனினும் மென்மையான நீர் எக்கருவியாலும் கிடைப்பதரிது. இத்தொட்டியைக் கட்டும் செலவு மீன்பிடித்தோ கூலிக்கு உழுதோ வாழும் குடும்பத்தால் ஒரே தடவையிற் தாங்கத்தக்கதன்று. அதனாலேயே அது தனியார் சிக்கனத்தின் பொறுப்பாகாது பொதுமுதலீட்டின் பொறுப்பாதல் வேண்டும்.

மூன்றாவது மொழி. சுதேச மொழிகளில் விஞ்ஞானங் கற்பிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து அயன், வீழ்படிவு, வன்மை என்னும் சொற்கள் எம் மாணவர்க்குப் பழகிவிட்டன. வல்லினம், மெல்லினம் என எழுத்தைப் பகுத்த மொழிக்கு வன்னீர், மென்னீர் என்பன அந்நியமுமல்ல. ஆயினும் பரீட்சைத்தாளில் வன்மையைச் சரியாக வரையறுத்த மாணவி தன் வீட்டுக் கிணற்றின் வன்மையை அறியாளெனில், அச்சொற்கள் இன்னும் மக்களின் சொற்களாகவில்லை என்பதே பொருள். கலைச்சொல் கலைக்கூடத்தை விட்டுக் கிணற்றடிக்குச் செல்லும்போதே அது தன் பயனை அடையும்.

களர்நிலத்திற் கிணறு தோண்டியவள் தன் நீரை அறிந்திருந்தாள். அவ்வறிவுக்குரிய மதிப்பை அவள் சமூகம் அவளுக்கு அளிக்கவில்லை. பின்வந்த காலம் அவ்வறிவைப் பெருக்கிக் கொதிகலத்துக்கு அளித்தது. பின்னர் போத்தலில் அடைத்து அவள் வழிவந்தோருக்கே விற்கிறது. நீரை மென்மையாக்கும் முறைகள் எம்மிடம் வேண்டிய அளவு உள்ளன. அம்முறைகள் யாருடைய உடைமையாக, யாருடைய நலன்கருதி இயங்குவது என்பதே தீர்க்கப்படாதிருக்கும் பிரச்சினை. அதனைத் தீர்க்கும் பொறுப்பிலிருந்து ஆய்வாளராகிய நாமும் விலகிநிற்க முடியாது.